பயிர்ப் பாதுகாப்புக்கு மட்டும்

2006 மார்ச்சில், சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்த மறு வாரம், கடலூர் பேருந்து நிலையத்தில் மாமா தன் துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். பேருந்திலிருந்து இறங்கும்போது வேட்டி அவிழ்ந்துவிட்டது. அதைக் கட்டிக்கொள்ள அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. வேறு காரணம் இல்லை. பழைய போர்வையில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டியிருந்த அந்த ஒற்றைக் குழல் துப்பாக்கி, நான் நினைத்திருந்ததைவிடக் கனம் குறைவாக இருந்தது. போர்வைக் கட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. படிக்கட்டில் நின்ற நடத்துனர் அப்போதுதான் அது என்னவென்று கவனித்தார்.

"யோவ் பெருசு, கரும்புக் கட்டுன்னுல்ல நெனச்சேன்! மொதல்லயே சொல்லியிருந்தா ஒன்கிட்ட டிக்கெட்டே கேட்டுருக்க மாட்டனே!"

"எலெக்‌ஷன் வருதில்ல தம்பி, மாமியார் வூட்டுக்குப் போவுது," என்றார் மாமா, வேட்டியை இறுக்கியபடி. "ஓட்டு எண்ணி முடிச்சாத்தான் வுடுவாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காவல் நிலையத்தில் எங்களுக்கு முன்னால் அதே போன்ற துணிக்கட்டுகளோடு விவசாயிகள் வரிசையில் நின்றிருந்தார்கள். தேர்தல் அறிவித்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று எது வந்தாலும் இதே நடைமுறைதான். எங்கள் குடும்பத்தில் நடந்தவற்றின் வருடங்களை நான் தேர்தல்களைக் கொண்டே நினைவில் வைத்திருக்கிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. 2001-இல் அவர் மகளை நான் மணந்த பிறகு மாமனாரும் ஆனார். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையிலுள்ள செம்மண் மேட்டில் அவருக்கு ஒரு முந்திரித் தோப்பு, ஓரங்களில் பலா, வெட்டவெளியாக இருந்த நடுப்பகுதியில் மல்லாட்டை. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறைகளில் மட்டும் தோப்புக்குப் போய் வருகிறவன். பக்கத்துத் தோப்பு மாமாவின் பங்காளியுடையது. என் மனைவி அவரைச் சித்தப்பா என்று அழைப்பாள். அவள் வழியாக எனக்கும் அவர் சித்தப்பாதான். இருவரும் ஒரே வருடத்தில் விண்ணப்பித்து, ஒரே வருடத்தில் உரிமம் வாங்கியவர்கள். பன்றிகள் இறங்கும் பருவத்தில் இரண்டு தோப்புக்கும் சேர்த்து முறைவைத்துக் காவல் இருப்பார்கள். இன்றைக்கு இவர், நாளைக்கு அவர்.

உரிமத்தில் 'பயிர்ப் பாதுகாப்புக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. ஆனால் பயிரைத் தின்ன வரும் காட்டுப்பன்றியைச் சுடுவதற்கு வனத்துறையிடம் தனியாக அனுமதி பெற வேண்டும். அது இல்லாமல் வானத்தைப் பார்த்து வெடிக்கலாம், விரட்டலாம். "கத்தி வச்சிக்கலாம், காய் நறுக்கக் கூடாதுங்கறான்," என்பார் மாமா. அப்படிச் சொல்லிவிட்டு, பெரும்பாலும் வானத்தைப் பார்த்துத்தான் வெடித்தார். சித்தப்பா அப்படியல்ல. அவருக்குக் குறி பார்ப்பதில் விருப்பம் உண்டு. அதைப் பெரிய குற்றமாக ஊரில் யாரும் நினைக்கவில்லை.

ஒரு முறை, 1878-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தைப் பற்றிப் படித்ததை மாமாவிடம் சொன்னேன். இந்த நாட்டுக்காரன் அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று அவர்கள் வைத்த விதி, சுதந்திரத்துக்குப் பிறகு 1959-இல் வேறொரு சட்டமாக மாறியது, அனுமதி என்பது மட்டும் அப்படியே இருக்கிறது என்றேன். பல் குத்திக்கொண்டே கேட்டார். "அப்ப வெள்ளக்காரனும் என்ன நம்பல, நம்மாளும் என்ன நம்பல. நிலத்துக்குப் பட்டா குடுத்தவன், அதக் காக்கறதுக்கு மட்டும் கையக் கட்டுறான்," என்றார். அவர் உரிமையைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். சுவரில் மாட்டி அழகு பார்க்கவோ, மீசையை முறுக்கவோ அவருக்கு அது தேவைப்படவில்லை. மண்வெட்டியும் மருந்தடிக்கும் இயந்திரமும் இருந்த அறையில்தான் அதுவும் இருந்தது, அதற்கென்று ஒரு பூட்டிய பெட்டிக்குள்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்கள் கரையில் ஏறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மாமாவின் தோப்பில் தெற்கு மூலையில் மட்டும் சில பழைய மரங்கள் தப்பின. காலியான இடமெல்லாம் மல்லாட்டை போட்டார். மல்லாட்டை ஜாஸ்தி ஆக, பன்றியும் ஜாஸ்தி ஆனது. விழுந்த மரங்களின் புதருக்குள் அவை குட்டி போட்டன. மாமாவும் சித்தப்பாவும் முறைக்காவலை வருடம் முழுவதும் வைத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

முந்திரி மரத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வயதான மரத்தின் கிளைகள் மேலே போகாமல் பக்கவாட்டில் படர்ந்து தரையைத் தொட்டுக் கிடக்கும். கொட்டை பொறுக்க வேண்டுமென்றால் கிளையை விலக்கி, குனிந்து, பல இடங்களில் கையும் காலும் ஊன்றித்தான் உள்ளே போக முடியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இலை அசைவது தெரியும், சருகு நொறுங்குவது கேட்கும். உள்ளே இருப்பது எதுவென்று தெரியாது.

2013 ஏப்ரலில், சித்திரை பிறந்த மறு வாரம், மாமாவின் மனைவியான என் அத்தை விடியும் நேரத்தில் தெற்கு மூலைக்குப் போனார். முந்திரிப் பழம் கனிந்து விழும் காலம். பழத்துக்காகப் பன்றி வரும், வந்தால் கொட்டையையும் சேர்த்து மிதித்துவிடும் என்று அதற்கு முன்னால் பொறுக்கப் போவது அவர் வழக்கம். அன்று காவல் முறை சித்தப்பாவுடையது. கிளை அசைவதைப் பார்த்து, "யாரு உள்ள?" என்று குரல் கொடுத்தார். பதில் வரவில்லை. சுட்டார்.

பண்ருட்டிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் கடலூருக்குப் போகும் வழியில் அத்தைக்கு நினைவு இருந்தது. மாமா அவர் தலையை மடியில் வைத்திருந்தார். "கூப்புட்டது காதுல வுழுந்துது. ரெண்டாங் கொரல் வரட்டும்னு இருந்தேன்," என்று அத்தை சொன்னாராம்.

எங்கள் பக்கத்தில் இருட்டில் யாராவது கூப்பிட்டால் முதல் குரலுக்குப் பதில் சொல்லக் கூடாது. கூப்பிடுவது மனிதனா வேறொன்றா என்பது இரண்டாவது குரலில்தான் தெரியும், காத்து கருப்பு ஒரு தரத்துக்கு மேல் கூப்பிடாது என்பார்கள். அத்தைக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரென்று தெரியாது. எல்லோருக்கும் யாரோ சொல்லிக்கொடுத்ததுதான். சித்தப்பாவுக்கும் அது தெரியும். ஆனால் கையில் துப்பாக்கி இருந்தபோது அவருக்கு அது நினைவுக்கு வரவில்லை. இதை அவரே விசாரணையில் சொன்னார். அத்தை கடலூர் மருத்துவமனையின் வாசலை அடைவதற்குள் இறந்திருந்தார்.

சிதம்பரத்திலிருந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமா மருத்துவமனைச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என் மனைவியைப் பார்த்ததும், "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார். அவள் "சாப்ட்டேன்பா" என்றாள். நாங்கள் சாப்பிட்டிருக்கவில்லை. அன்றைக்கு நடந்தவற்றில் எனக்குத் தெளிவாக நினைவிருக்கும் பேச்சு இதுதான்.

சித்தப்பா தானாகவே காவல் நிலையத்துக்குப் போனார். வழக்கு நடந்தது. தெரியாமல் நடந்தது, பகை இல்லை என்று மாமா நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். சித்தப்பாவுக்குத் தண்டனையும் கிடைத்தது, அவர் உரிமமும் ரத்தானது. மாமாவின் உரிமம் அப்படியே இருந்தது. அத்தையின் கருமாதி முடிந்த அன்று என் மனைவி, "அப்பா, அதக் குடுத்துடுங்க," என்றாள். மாமா பந்தல்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுக்கப் போனார். அவள் மறுபடி கேட்கவில்லை. 2014 தேர்தலுக்குத் துப்பாக்கியை ஒப்படைத்தார், முடிந்ததும் வாங்கிவந்தார். 2016-இலும் அப்படித்தான். உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய வருடத்தில் புதுப்பித்தார். கூட நான் போனேன். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் நினைப்பது என்ன என்பதை நான் தெரிந்துகொண்டது 2018-இல், கடலூரில் நடந்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில். காட்டுப்பன்றியால் ஏற்படும் சேதத்தைப் பற்றி அன்று நிறையப் பேர் பேசினார்கள். புதிதாக உரிமம் கொடுங்கள், பழையதைப் புதுப்பிக்க அலைக்கழிக்காதீர்கள் என்று மாமாவும் எழுந்து பேசினார். அவர் அப்படி மைக் பிடித்துப் பேசி நான் பார்த்ததில்லை. முடிப்பதற்குள் கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் எழுந்துகொண்டார். நெல்லும் உளுந்தும் பயிரிடுகிறவர்.

"எங்க நெலத்துலயும் பன்னி வருது. அதுக்காவ ஊர்ல இருக்கறவன் கையிலெல்லாம் துப்பாக்கியக் குடுப்பீங்களா? குடிச்சிட்டு வர்றவன் இருக்கான், வரப்புத் தகராறு இருக்கு. பன்னிக்கு நட்டஈடு கேளுங்க. ஏன் பெரியவரே, ஒங்க வூட்ல ஒருத்தங்க துப்பாக்கியால செத்திருந்தா இப்பிடி மைக்கப் புடிச்சிப் பேசுவீங்களா?"

"செத்துருக்காங்கம்மா," என்றார் மாமா. "நீங்க ஒக்காருங்க."

அந்த அம்மாள் உட்காரவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார். மேடையில் இருந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"எம் பொண்டாட்டிதான்," என்று மாமா தொடர்ந்தார். குரல் ஏறவுமில்லை, தழையவுமில்லை. "சுட்டவன் ஒரு தரந்தான் கூப்புட்டான். மூணு தரம் கூப்புட்டுருந்தா அவ இருந்துருப்பா. அதச் சட்டத்துல எழுதுங்க. லைசன்ஸ் குடுக்கறப்ப சொல்லிக் குடுங்க. துப்பாக்கியப் புடுங்கிட்டா சாவு நின்னுடுமா? மோட்டார் கொட்டாயிலேர்ந்து கம்பிய இழுத்து வேலியில கரண்டு வுடறான். துப்பாக்கியாவது ஆளு புடிச்சாத்தான் சுடும். கம்பிய வச்சவன் வூட்ல தூங்கறான், அது யாரு வந்தாலும் அடிக்குது. அது கூப்புடக்கூடக் கூப்புடாது."

கூட்டம் முடிந்ததும் அந்த அம்மாள் வந்து, "மன்னிச்சிக்குங்கண்ணா," என்றார். மாமா, "நீங்க சொன்னதும் நெசந்தான்," என்றார். மூவரும் எதிர்க் கடையில் டீ குடித்தோம். அவர்கள் உளுந்து விலையைப் பற்றிப் பேசினார்கள்.

தொலைதூர நாடுகளில் பள்ளிக்கூடங்களில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வரும் நாட்களில், அதன் மறுநாளே தொடங்கும் வாதங்களையும் படிக்கிறேன். ஆயுதம் வைத்திருப்பது பிறப்புரிமை என்கிறார் ஒருவர், பிள்ளைகளின் உயிர் அதைவிடப் பெரிய உரிமை என்கிறார் இன்னொருவர். எண்களும் வரலாறும் நிறைந்த நல்ல கட்டுரைகள் அவை. இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. படித்து முடித்து நாளிதழை மடிக்கும்போது எந்தப் பக்கமும் என்னை அசைக்கவில்லை என்பதும் தெரிகிறது. மாமாவும் அந்த அம்மாளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்ததுதான் கண்ணில் நிற்கிறது.

2024 மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்ததும் மாமா வழக்கம்போலத் துப்பாக்கியை ஒப்படைத்தார். மே மாதம் இறந்துபோனார். நெஞ்சுவலி, இரண்டே நாள். ஜூனில் எல்லோரும் போய்த் தங்கள் துப்பாக்கிகளை வாங்கிவந்தார்கள். மாமாவுடையது மட்டும் காவல் நிலையத்திலேயே தங்கிவிட்டது. இனி அது வாரிசுகளில் ஒருவர் பெயருக்கு மாற வேண்டும், அல்லது அரசிடமே போக வேண்டும். வாரிசுகள் இருவர்: என் மனைவி, அவள் தம்பி. தம்பிதான் இப்போது நிலத்தைப் பார்க்கிறான். நானும் அவனும் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிடுவோம். அவன் பெயருக்கு மாற்றுவதில் அக்காவுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும்.

2025 ஆனித் திருமஞ்சனம் முடிந்த வாரத்தில் அவன் சிதம்பரம் வந்தான். தேர் ஓடிய வீதியில் இன்னும் கடைகள் எடுக்கப்படவில்லை. அக்காவுக்குப் பலாச்சுளை கொண்டுவந்திருந்தான். சாப்பிட்டு முடித்த பிறகு விஷயத்தைச் சொன்னான். அவள் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "நீ எத்தினி தரம் கூப்புடுவ?" என்று கேட்டாள்.

"மூணு. அப்பா சொன்ன மாதிரியே."

அவள் எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "நான் மரத்துக்குள்ள இருக்கேன். கூப்புடு," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"என்னாக்கா சின்னப்புள்ள மாதிரி," என்று அவன் சிரித்தபடி என்னைப் பார்த்தான். "யாரு உள்ள?" என்றான். பதில் இல்லை. சிரிப்பை விட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டான். கடைசியில், நிஜமாகவே தோப்பில் நிற்பவனைப் போல, தெரு வரைக்கும் கேட்கும்படி கூப்பிட்டான். உள்ளே பாத்திரம் நகரும் ஓசைகூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"மூணும் ஆச்சு. பதில் வரல. அப்ப பன்னிதானே? சுடு."

"அக்கா..."

"எனக்குக் காது கேக்கலன்னு வச்சிக்க. இல்ல, மயங்கிக் கெடக்கறேன்னு வச்சிக்க. அப்பாவும் ஒவ்வொரு ராத்திரியும் இதத்தான் கணக்குப் போட்டாரு. மூணு கூப்புட்டுருந்தா, மூணு கூப்புட்டுருந்தான்னு. அந்தக் கணக்கு அவருக்குத் தூங்கறதுக்கு. ஒனக்கு அது ஒதவாது."

மச்சானுக்குக் கோபம் வந்தது. "அப்ப நான் என்னாதான் பண்றது? போன போகம் பாதி மல்லாட்டைய ஒழுதுட்டுப் போய்டுச்சி. தட்டத் தட்டிப் பாத்தாச்சு, வேலியில பொடவையக் கட்டிப் பாத்தாச்சு. நீ சிதம்பரத்துல ஃபேனுக்கு அடியில ஒக்காந்துக்குனு சொல்லிடுவ!"

"ஆமா," என்றாள் அவள். "நான் இங்கதான் ஒக்காந்துருக்கேன்." தாளைக் கையெழுத்துப் போடாமலே அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

ஆடி மாதத்தில், துப்பாக்கியை அரசிடமே விட்டுவிடுகிறோம் என்று எழுதிக் கொடுக்க நானும் மச்சானும் கடலூருக்குப் போனோம். காவல் நிலையத்தில் இருந்தவர் மாமாவை அறிந்தவர். "யோசிச்சிக்குங்க, எழுதிக் குடுத்துட்டா திரும்பி வராது," என்றார். "தெரியும் சார்," என்றான் மச்சான். துப்பாக்கியை ஒருமுறை பார்க்கிறீர்களா என்று கேட்டார். அவன் வேண்டாம் என்றான். என்னைக் கேட்கவில்லை.

பேருந்து நிலையத்துக்குத் திரும்பும் வழியில் அவன் ஓர் இரும்புக் கடையில் நின்றான். வேலிக்குக் கம்பி வேண்டும் என்று ஒரு பெரிய சுருள் வாங்கினான். "முள்ளுக் கம்பி இல்லையா?" என்று கேட்டேன். "இதுவே போதும் மச்சான். சும்மா கட்டி வுடறதுதான்," என்றான். பண்ருட்டிப் பேருந்து வந்ததும் அவன் முன்னால் ஏறி இடம் பிடித்தான், நான் சுருளைத் தூக்கிக் கொடுத்தேன். நடத்துனர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அன்று நடந்ததை நடந்தபடியே சொன்னேன். கம்பியைப் பற்றிச் சொன்னபோது மட்டும், "முள்ளு இல்லாததா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுநாள் காலை இரண்டு புடவையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் பையில் எடுத்துவைத்தாள். "மல்லாட்ட புடுங்கற வரைக்கும் அங்க இருந்துட்டு வரேன். மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு," என்றாள். பேருந்து ஏற்றிவிட்டு வந்தேன்.

ஆவணிக் கடைசியில் போய்ப் பார்த்தேன். மச்சான் வரப்பில் நின்று, முந்தின இரவு பன்றி கிளறிப் போட்டிருந்த பாத்திகளைக் காட்டினான். "பாருங்க மச்சான், ஒங்க பொண்டாட்டி காவல் காக்கற லட்சணத்த. ராத்திரி பூரா தட்டு தட்டுறா. பன்னி அதுக்குத் தாளம் போட்டுக்குனே திங்குது." அவள் காதில் விழுந்தது. "பன்னி தின்னா தின்னுட்டுப் போவுது," என்றாள். வெயிலில் கறுத்திருந்தாள். மாத்திரை தீர்ந்து இரண்டு நாளாகிவிட்டதாம்.

நிலத்தைச் சுற்றிக் கம்பி கட்டியிருந்தது. முழங்கால் உயரத்தில், குச்சிக்குக் குச்சி நேர்த்தியாக இழுத்து, கிழக்கு ஓரம் வழியாக மோட்டார் கொட்டகை வரைக்கும் கொண்டுவந்திருந்தான். அங்கே கம்பியின் முனை எதிலும் இணைக்கப்படாமல் சுவரோரம் சுருண்டு கிடந்தது. கொட்டகையின் வாசலுக்குக் குறுக்கே, யாரும் அதைத் தாண்டாமல் உள்ளே போக முடியாதபடி, என் மனைவியின் கயிற்றுக் கட்டில் போடப்பட்டிருந்தது.